மன்னார்க் கடலும் கழியொலிச் சோதனைப் பலகையும்

ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி நேரடியாக அளப்பது நேரத்தைத்தான். ஒரு துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. அது அடித்தளத்தில் பட்டுத் திரும்பிவர எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கி, மீற்றரிலோ ஃபாதம் எனப்படும் பாகத்திலோ காட்டுகிறது. அந்த வேகம் தொழிற்சாலையிலேயே கருவிக்குள் எழுதப்பட்டுவிட்ட எண். பல கருவிகளில் அது செக்கனுக்கு 1500 மீற்றர். மன்னார்க் கடலில் நீர் 29 பாகை செல்சியசிலும் உவர்ப்பு 35 என்ற அளவிலும் இருக்கும் நாளில் உண்மையான வேகம் ஏறக்குறைய 1543 மீற்றர். அன்றைக்குப் பத்து மீற்றர் ஆழமுள்ள இடத்தைக் கருவி 9.72 மீற்றர் என்று சொல்லும்.

மீன்பிடிக்கப் போகிறவருக்கு இந்த 28 சென்ரிமீற்றர் பொருட்டல்ல. கருவி ஆழத்தைக் குறைத்துக் காட்டுவதால் வள்ளம் தரைதட்டும் ஆபத்தும் கூடாது. ஆனால் கடற்புல் படுகை ஆண்டுக்காண்டு வளர்கிறதா அழிகிறதா என்று பார்ப்பவருக்கும், மணல்திட்டு நகர்வதைப் பின்தொடர்பவருக்கும், பழைய முத்துப் பார்களின் மேடுபள்ளத்தை வரைபவருக்கும் இது பெரிய பிழை. துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரைச் சோதிக்கும் பலகை (டெவலப்மென்ட் போர்ட்) ஒன்றை மன்னாரில் நிறுவுவதென்றால் அதை எப்படி அமைப்பது, எந்த வரிசையில் சோதிப்பது, இந்தக் கரைக்கே உரிய சிக்கல்கள் எவை, எதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது. போர்ட்டை இணைத்து இயங்கவைப்பது வேலையின் இலகுவான பாதி என்பதும், கடினமான பாதி நீரில்தான் இருக்கிறது என்பதும், அந்தப் பாதியைக் கொழும்பிலோ சென்னையிலோ இருந்தபடி முடிக்க முடியாது என்பதும் என் உறுதியான கருத்து.

கரையின் இயல்பு

மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்ட நிலம். வடகரையில் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல், தென்கரையில் மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கும்போது வடகரையிலுள்ள பேசாலைப் பக்கம் குழம்பும். தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்போது தென்கரை குழம்பும். ஒரு கரையில் அலை மிகுந்திருக்கும் காலத்தில் மறுகரையில் அமைதியான நீர் கிடைக்கும். சில கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு கடல்களைச் சோதனைக்குத் தரும் இடம் இலங்கையில் வேறு எளிதில் அகப்படாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல்திட்டுத் தொடரில் பல இடங்களில் நீர் ஓரிரு மீற்றருக்கு மேல் இல்லை. தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் பெரிய பார், செவல் பார் போன்ற முத்துப் பார்கள் ஏறக்குறைய 5 முதல் 10 பாகத்தில் கிடக்கின்றன. இந்தப் பார்களை ஆராய 1902-ல் வந்த விலங்கியலாளர் ஹேர்ட்மனின் அறிக்கை 1903-க்கும் 1906-க்கும் இடையில் பல பாகங்களாக வெளிவந்தது. அன்று சுழியோடிகளின் கண்ணும் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டும் தந்த விபரத்தை இன்று ஒலியால் பெறலாம்.

ஒளியாலும் பெற முடிகிறது. ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர்த் தரவைக் கொண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் இந்தத் திட்டுத் தொடரை 29 கிலோமீற்றர் நீளத்துக்கு வரைந்து 2024-ல் வெளியிட்டார்கள். தெளிந்த ஆழங்குறைந்த நீரில் லேசருக்கு நிகரில்லை. சேறு கலங்கிய நீரில் அது கண்ணிழந்துவிடும். மன்னாரில் நீர் கலங்கும் மாதங்கள் உண்டு.

பெரிய ஆய்வுக் கப்பல்களும் வந்துபோயிருக்கின்றன. நோர்வேயின் டொக்டர் பிரிட்ஜொப் நான்சன் 1978-80 காலத்தில் இலங்கையைச் சுற்றி ஒலியால் மீன்வளம் பார்த்தது. 2018-ல் அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் மறுபடியும் வந்தது. அத்தகைய கப்பல் இரண்டு மூன்று மீற்றர் நீருக்குள் நுழைய முடியாது. அங்கே சிறுவள்ளத்தில் பொருத்தக்கூடிய சிறிய கருவிதான் வேலை செய்யும். அந்தக் கருவியை நம்புவதற்கு முன் யாராவது அதைச் சோதித்தாக வேண்டும்.

போர்ட்டும் அதன் உறுப்புகளும்

கழியொலி என்பது மனிதக் காதுக்கு எட்டாத, 20 கிலோஹேர்ட்சுக்கு மேற்பட்ட மீடிறன் கொண்ட ஒலி. 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்ட பீசோ விளைவை 1917-ல் லான்ஜெவின் நீருக்குள் இறக்கினார். படிகத் தகட்டுக்கு வோல்ற்று கொடுத்தால் அது விரிந்து சுருங்கும். எதிரொலி வந்து அதை அழுத்தினால் வோல்ற்று பிறக்கும். பேசும் வாயும் கேட்கும் காதும் ஒரே தகடு. 1948-ல் நாகசாகியில் புருனோ சகோதரர்கள் இதைக் கொண்டு மீன் தேடும் கருவியைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய டிரான்ஸ்டியூசர்களில் பெரும்பாலும் இருப்பது ஈய சேர்க்கோனேற்று தைற்றனேற்று என்ற பீங்கான் வகை.

எந்தப் போர்ட்டிலும் நான்கு வேலைகள் உண்டு. துடிப்பை உயர்ந்த வோல்ற்றில் தள்ளுவது. தள்ளி முடிந்தவுடன் அந்த வோல்ற்று கேட்கும் பகுதியைக் கருக்கிவிடாமல் தடுப்பது. மிகச் சிறிய எதிரொலியைப் பெருக்கி வடிகட்டுவது. அதை எண்ணாக்கி நேரத்தோடு பதிவது. மாணவர்கள் வழக்கமாகத் தொடங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற 40 கிலோஹேர்ட்ஸ் சிறுபலகையில் இவை நான்கும் மூடிய பெட்டிபோல் இருக்கின்றன. 10 மைக்ரோசெக்கன் தூண்டல் கொடுத்தால் எட்டுத் துடிப்புகள் போகும். எதிரொலியின் நேரம் ஒரு கம்பியில் வரும். எதிரொலியின் உருவத்தைப் பார்க்க வழியில்லை. ஆகவே அது அளவுகோலாகப் பயன்படும், சோதனை மேசையாகாது.

சோதனைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிஜிஏ460 சில்லைத் தாங்கிய போர்ட் போன்ற ஒன்று பொருத்தம். கார்களின் பின்பக்க உணரிகளுக்காகச் செய்யப்பட்ட சில்லு அது. 30 முதல் 80 வரையும் 180 முதல் 480 வரையும் உள்ள கிலோஹேர்ட்ஸ் வீச்சுகளில் இயங்கும்; மீன் கருவிகளில் வழக்கமான 50, 200 இரண்டும் இதற்குள் அடங்குகின்றன. எத்தனை துடிப்பு, எவ்வளவு மின்னோட்டம், நேரத்தோடு பெருக்கம் எப்படி ஏற வேண்டும், எந்த அளவுக்கு மேல் வந்ததை எதிரொலியாக ஏற்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம். டிரான்ஸ்டியூசரின் மீடிறனையும், அது அடங்க எடுக்கும் நேரத்தையும் தானே அளந்து சொல்லும். எதிரொலியின் முழு உருவத்தையும் கணினியில் இறக்கிப் பார்க்கலாம். காற்றுக்காகச் செய்யப்பட்ட போர்ட்டை நீருக்குக் கொண்டுபோகும்போது அதிலுள்ள சிறு நிலைமாற்றி புதிய டிரான்ஸ்டியூசருக்கு இசையாது. அதை மாற்றியே ஆக வேண்டும். பலர் தடுக்கிவிழும் இடம் இது.

போர்ட் வந்த அன்றே டிரான்ஸ்டியூசரை மாட்டக்கூடாது. முதலில் அதன் இடத்தில் ஒரு கொள்ளளவியையும் தடையியையும் வைத்துத் துடிப்பு சரியாகப் போகிறதா என்று ஒசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாதாரண 40 கிலோஹேர்ட்ஸ் உணரியின் கொள்ளளவு 2000 பிக்கோபரட்டுக்குச் சற்று மேலே இருக்கும். அதே அளவுள்ள கொள்ளளவி போதும். நிலைமாற்றியின் மறுபக்கத்தில் நூற்றுக்கணக்கான வோல்ற்று எழும். ஒசிலோஸ்கோப்பின் முனை பத்துக்கு ஒன்று என்ற நிலையில் இருக்கிறதா, அவ்வளவைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே தொட வேண்டும். உப்பீரத்தில் நனைந்த கையோடு தொடவே கூடாது. 5 வோல்ற்று எதிரொலிக் கம்பியை 3.3 வோல்ற்று ஈஎஸ்பி32-க்கு நேராகக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. 1 கிலோஓமும் 2 கிலோஓமும் கொண்ட இரண்டு தடையிகளால் பிரித்துக் கொடுத்தால் 3.33 வோல்ற்று வரும்.

அடுத்தது டிரான்ஸ்டியூசரைத் தனியாக அறிவது. சிக்னல் ஜெனரேட்டர், 1 கிலோஓம் தடையி, டிரான்ஸ்டியூசர் மூன்றையும் தொடராக இணைத்து, 1 வோல்ற்று கொடுத்து, மீடிறனை 100 ஹேர்ட்ஸ் படிகளாக நகர்த்தி, டிரான்ஸ்டியூசரின் இரு முனைகளுக்கிடையிலான வோல்ற்றைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் வோல்ற்று சட்டென்று விழும். அது தொடர்ப் பரிவு. சற்று மேலே அது உச்சிக்குப் போகும். அது சமாந்தரப் பரிவு. இந்த இரண்டு எண்களும் அவற்றின் இடைவெளியும் டிரான்ஸ்டியூசரின் நாடித்துடிப்பு. விற்றவர் 40 என்று அச்சிட்டிருப்பார். வந்து சேர்ந்தது 39.4-ஆகவும் இருக்கலாம், 40.7-ஆகவும் இருக்கலாம். பிறகு அதே டிரான்ஸ்டியூசரின் முகத்தை நீரில் அமிழ்த்தி அதே அளவீட்டை மீண்டும் செய்ய வேண்டும். பரிவு கீழே இறங்கும்; கூர்மையான உச்சி அகன்று தட்டையாகும். நீர் அந்தத் தகட்டின் மேல் சுமையாக உட்கார்ந்து சக்தியை இழுத்துக்கொள்வதன் விளைவு அது. ஒரு பிள்ளை இந்த இரண்டு வரைகோடுகளையும் ஒரே தாளில் தன் கையால் வரைந்து பார்த்தால், பாடநூலின் பத்துப் பக்கங்கள் தராத விளக்கம் கிடைத்துவிடும்.

காற்றில் வெப்பம், நீரில் சுவர்

முதலில் காற்றில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு மன்னார்ப் பெருநிலத்தில் மிகப் பொருத்தமான இடம் கட்டுக்கரைக் குளம். அருவியாற்று நீர் வந்து சேரும் இந்தப் பழைய பெருங்குளத்தின் நீர்மட்டத்தை, மேலிருந்து கீழ்நோக்கும் கழியொலி உணரியால் இடைவிடாமல் பதியலாம் என்று யாருக்கும் தோன்றும். செய்யலாம்தான், ஆனால் வெப்பநிலையை அளக்காமல் செய்யக்கூடாது. 20 பாகையில் காற்றில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகும். 33 பாகையில் 351. உணரி நீருக்கு மேல் 3 மீற்றர் உயரத்தில் இருந்து, கணக்கு 343-ஐ வைத்துப் போடப்பட்டால், உச்சிவெயிலில் நீர்மட்டம் உண்மையைவிட ஆறேழு சென்ரிமீற்றர் உயர்ந்து தெரியும். விடியற்காலை 24 பாகைக்கு இறங்கும்போது அந்த உயர்வில் ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் மறைந்துவிடும். குளம் ஒவ்வொரு பகலும் ஏறி ஒவ்வொரு இரவும் இறங்குவதாகப் பதிவு சொல்லும். விரிந்த குளத்தில் ஐந்து சென்ரிமீற்றர் என்பது பல வயல்களுக்கான நீர். சிறிய வெப்பநிலை உணரி ஒன்றை நிழலில் கட்டிவைத்து வேகத்தை அவ்வப்போது திருத்தினால் இந்தப் பொய் போய்விடும். நிழல் முக்கியம், வெயிலில் சுட்ட பெட்டிக்குள் இருக்கும் உணரி காற்றின் வெப்பத்தைச் சொல்லாது.

வலைமூடி போட்ட திறந்தவகை உணரிகள் மன்னாரின் உப்புக்காற்றில் நிலைக்காது. முகம் மூடிய, நீர்புகாத வகையே வேண்டும். அவற்றுக்கு அருகே கண்தெரியாத தூரம் 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் தூக்கிக் கட்ட வேண்டும்.

நீருக்கு வந்தால் எல்லாம் மாறுகிறது. கடல்நீர் ஒலிக்குக் காட்டும் எதிர்ப்பு காற்றினுடையதைவிட 3,800 மடங்குக்கு மேல். ஆகவே நீருக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையைக் கடக்கும் ஒலிச்சக்தி ஆயிரத்தில் ஒரு பங்குதான். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் ஒன்றே முழுச் சோதனையையும் கெடுத்துவிடப் போதும். முகத்தைச் சவர்க்காரம் கலந்த நீரால் துடைத்துவிட்டு இறக்குவதும், தொட்டி நீரை ஒருநாள் அசையாமல் விட்டுக் குமிழிகளைப் போகவிடுவதும் பார்க்கச் சிறிய வேலைகள். அவற்றைச் செய்யாதவர் பெருக்கியைக் குறைசொல்லிக்கொண்டு இரண்டு நாளைக் கழிப்பார்.

தொட்டிக்கு எங்கும் கிடைக்கும் 200 லீற்றர் நீல பரல் போதுமா? பாதிக்குப் போதும். அதன் விட்டம் 58 சென்ரிமீற்றரளவு. நடுவிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்ப ஒலிக்கு 0.38 மில்லிசெக்கன் எடுக்கும். 200 கிலோஹேர்ட்சில் இருபது சுற்றுத் துடிப்பு 0.1 மில்லிசெக்கனில் முடிந்துவிடுவதால் சுவரின் எதிரொலி வேறாகத் தெரியும். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள தகட்டின் ஒலிக்கற்றை அந்த மீடிறனில் ஏறக்குறைய 11 பாகை அகலம்; கீழ்நோக்கி வைத்தால் பெரும்பகுதி சுவரைத் தொடாமலே அடியைச் சேரும். 50 கிலோஹேர்ட்சில் அதே தகட்டின் கற்றை நாலு மடங்கு அகலம். இருபது சுற்று 0.4 மில்லிசெக்கன். துடிப்பு முடிவதற்குள் சுவர் பதில்சொல்லத் தொடங்கிவிடும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்தொழில்நுட்ப நிறுவனம் தன் ஒலிச் சோதனைத் தொட்டியை 16 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், 7 மீற்றர் ஆழம் என்று அமைத்ததற்குக் காரணம் இதுதான். அப்படியொரு தொட்டி மன்னாருக்கு உடனே வரப்போவதில்லை. குறைந்த மீடிறன் சோதனைகளை இறங்குதுறையின் ஓரத்தில், திறந்த நீரில் செய்யலாம். சுவரில்லாத தொட்டியைக் கடல் தருகிறது.

பரலில் கிணற்றுநீர் நிரப்பினால் வேகம் 29 பாகையில் ஏறக்குறைய 1507. கடல்நீரில் அது 1543. பரலில் பெற்ற எண்ணை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடங்காத அதிர்வு

மன்னாருக்கு மிக முக்கியமான அளவீடு எது என்று கேட்டால், டிரான்ஸ்டியூசர் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதையே சொல்வேன். துடிப்பை நிறுத்திய பின்னும் தகடு தானாக அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு ஓயும்வரை வரும் எதிரொலி அதற்குள் அமுங்கிப்போகும். ஒரு மில்லிசெக்கன் அதிர்ந்தால் நீரில் 77 சென்ரிமீற்றர் வரை கருவிக்குக் கண்ணில்லை. ஐம்பது மீற்றர் ஆழத்தில் தொழில் செய்பவருக்கு அது குறையே அல்ல. ஒன்றரை மீற்றர் நீர் கிடக்கும் தலைமன்னார்த் திட்டில் ஆழத்தின் பாதியை அது விழுங்கிவிடும். விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போடப்படும் அதிகபட்ச ஆழம் இங்கே பயனற்ற எண். இங்கே தேட வேண்டியது குறைந்தபட்ச ஆழம்.

அடக்குவதற்கு வழிகள் உண்டு. நிலைமாற்றிக்குக் குறுக்கே ஒரு தடையி போடலாம். பெறுமதியைச் சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம்வரை மாற்றிப் பார்த்து, அதிர்வும் குறைந்து எதிரொலியும் மிகவும் தேயாத இடத்தில் நிறுத்த வேண்டும். துடிப்பின் சுற்றுகளைக் குறைக்கலாம். டிரான்ஸ்டியூசரைத் தாமே வார்ப்பவர்கள் தகட்டின் பின்புறத்தில் தங்குதன் தூள் கலந்த எப்பொக்சியை நிரப்பலாம். மூன்றிலும் உணர்திறனை ஓரளவு இழக்க நேரும். ஆழங்குறைந்த கடலில் அந்த இழப்பைத் தாங்கலாம். எதிரொலி தொலைதூரத்திலிருந்து வரவேண்டியதில்லை.

சுற்றுகளைக் குறைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 200 கிலோஹேர்ட்சில் இருபது சுற்றுத் துடிப்பு பிரித்தறியும் நுணுக்கம் 7.7 சென்ரிமீற்றர், பத்துச் சுற்றாக்கினால் 3.9. கடற்புல்லின் இலைக்குள் வளிநிறைந்த அறைகள் இருப்பதால் அது நல்ல எதிரொலி தரும். உயர் மீடிறன் ஒலியால் புல்லின் உயரத்தையும் பரப்பையும் வரைவது உலகில் பல கடற்கரைகளில் கைவந்த முறை. கரையில் ஒதுங்கிக் காயும் சாதாளையைப் பார்த்து உள்ளே படுகை இருக்கிறது என்று அறிகிறோம். எங்கே எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதை ஒலி சொல்லும், புல்லின் நுனியையும் மணலையும் இரண்டாகப் பிரித்துக் காட்டும் அளவுக்குத் துடிப்பு குறுகியிருந்தால்.

ஆழங்குறைந்த நீரின் வேறொரு ஏமாற்று, இரண்டாம் எதிரொலி. ஒலி அடியில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, மீண்டும் அடியில் பட்டு வருவதால் ஒன்றரை மீற்றர் ஆழம் மூன்று மீற்றராகவும் தோன்றும். முதல் எதிரொலி அதிர்வுக்குள் அமுங்கியிருந்தால் கருவி இரண்டாவதையே பிடித்துக்கொள்ளும். இந்தப் பிழை ஆழத்தைக் கூட்டிக் காட்டுவதால் இதில் ஆபத்து இருக்கிறது. எதிரொலியின் முழு உருவத்தையும் காட்டும் போர்ட் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

கடலில் இறக்குதல்

கடலில் முதற்சோதனை, எதையும் அனுப்பாமல் கேட்பது. பாரும் பவளமும் உள்ள வெப்பக் கடல்களில் நகத்தைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிற்றிறால்கள் உண்டு. அந்தச் சொடுக்கில் பிறக்கும் குமிழி நொறுங்குவதுதான் சத்தத்துக்குக் காரணம் என்று 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் சக்தி சில கிலோஹேர்ட்சில் உச்சமாக இருந்தாலும் 200 கிலோஹேர்ட்ஸ் வரை பரவுகிறது. மணற்படுகைக்கு மேலும் பாருக்கு மேலும் தனித்தனியே இரைச்சலைப் பதிந்து வைத்துக்கொண்டால், எந்த அளவுக்கு மேலே வந்ததை எதிரொலி என்று ஏற்பது என்பதை முடிவு செய்யலாம். அலை உடையும் நாளில் மேற்பரப்புக் குமிழிகள் ஒலியை விழுங்கும். சோளகத்துக்கும் வாடைக்கும் இடைப்பட்ட அமைதியான வாரங்களில் தொடங்குவதே நல்லது.

அடுத்தது தட்டுச் சோதனை. நீரியல் அளவையாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் எளிய முறை இது. ஒரு தட்டையான உலோகத் தட்டை டிரான்ஸ்டியூசருக்கு நேர்கீழே 1, 2, 3, 4 மீற்றர் என இறக்கி ஒவ்வொன்றிலும் எதிரொலி நேரத்தைக் குறிப்பார்கள். தட்டை நைலோன் கயிற்றில் கட்டக்கூடாது, நனைந்தால் நீளும்; மெல்லிய உருக்குக் கம்பியில் அளவு குறித்துக் கட்ட வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் வரைபில் இட்டால் நேர்கோடு வரும். நேரம் போய்வரும் நேரம் என்பதால், கோட்டின் சாய்வின் இருமடங்கு அன்றைய ஒலிவேகம். அது அச்சை வெட்டும் இடம் மின்சுற்றும் டிரான்ஸ்டியூசரின் உறையும் சேர்த்துவைத்த தாமதம். வேகம் 1543 என்றால் ஒவ்வொரு மீற்றருக்கும் நேரம் 1.296 மில்லிசெக்கன் கூடும். இரண்டு தெரியாத எண்களும் ஒரே வேலையில் கிடைக்கின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் இந்தப் பக்கம் வரும். வெப்பம் 27, உவர்ப்பு 30 என்று இறங்கியதாகக் கொண்டால் வேகம் ஏறக்குறைய 1534 ஆகும். 1543-ஓடு ஒப்பிட்டால் பத்து மீற்றரில் ஆறு சென்ரிமீற்றர்தான் வேறுபாடு. எனவே 1500 என்ற எண்ணை மாற்றுவது முதல் திருத்தம். பருவத்துக்கேற்ற திருத்தம் இரண்டாவது. கடற்புல் ஆய்வுக்கு இரண்டும் வேண்டும். ஆழம் மட்டும் பார்க்க முதலாவது போதும்.

எதிரொலியின் வலிமையையும் நம்ப வேண்டுமானால், அதாவது மீன்கூட்டத்தின் அடர்த்தியை மதிப்பிட நினைத்தால், திட்டமான இலக்கு ஒன்று தேவை. உலகெங்கும் ஆய்வுக் கப்பல்கள் இதற்கு 38.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள தங்குதன் காபைட்டு உருண்டையைப் பயன்படுத்துகின்றன. அதைக் கற்றையின் நடுவில் தொங்கவிடத் தங்கூசி நூல் ஏற்றது. நீரில் அந்த நூலின் எதிரொலி மிகவும் சிறியது.

உயிரினங்கள்

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் கடற்பசு இன்னும் இருக்கிறது. நம்மவர் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. தமிழ்நாடு 2022-ல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்தது; இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. கூனல் முதுகுள்ள ஓங்கில்களும் இந்தக் கரையோரத்தில் உலவுகின்றன. அவை ஒலியால் வாழும் உயிர்கள். நாம் கடலுக்குள் விடும் ஒவ்வொரு துடிப்பையும் அவற்றின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

ஓங்கில்கள் 150 கிலோஹேர்ட்ஸ் அளவுவரை கேட்கக்கூடியவை. 50 கிலோஹேர்ட்ஸ் கருவி அவற்றின் கேட்கும் எல்லைக்கு நட்டநடுவில் ஒலிக்கிறது. 200 அந்த எல்லைக்கு வெளியே. ஆழங்குறைந்த மன்னார்க் கடலுக்கு 50 கிலோஹேர்ட்சால் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை. ஆழமாக ஊடுருவுவதுதான் அதன் சிறப்பு, அந்த ஆழம் இங்கே இல்லை. நுணுக்கம் வேண்டினாலும் உயிர்களைக் காக்க வேண்டினாலும் 200-ஐத்தான் தேர வேண்டும். அதோடு நின்றுவிடவும் முடியாது. 200 கிலோஹேர்ட்ஸ் என்று விற்கப்படும் கருவிகள் அதற்குக் கீழேயும் ஒலியைக் கசியவிடுகின்றன என்பதை 2014-ல் வெளிவந்த அளவீடுகள் காட்டின. துடிப்பு சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பதால் அதன் சக்தி பல மீடிறன்களுக்குச் சிதறுகிறது. துடிப்பை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால் கசிவு குறையும். ஆனால் துடிப்பு நீண்டு நுணுக்கம் குறையும். எந்த இடத்தில் சமரசம் செய்வது என்பதை நீரொலிவாங்கி ஒன்றால் அளந்தே தீர்மானிக்க வேண்டும். துடிப்பின் உருவத்தை மாற்ற இடம்தராத போர்ட்டை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

வலையில் ஆவுளியா சிக்காமலிருக்க ஒலியெழுப்பும் பிங்கர் கருவிகளைக் கட்டலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் குடாவில் 4, 10 கிலோஹேர்ட்ஸ் பிங்கர்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கடற்பசுக்கள் அவற்றைக் கேட்டு விலகிப்போகவில்லை. விலகிப்போனால்கூட அது நல்லதென்று சொல்லிவிட முடியாது. புல்படுகையிலிருந்து விரட்டப்பட்ட ஆவுளியா எங்கே போய் மேயும்? ஓங்கில் வகைகள் சிலவற்றுக்குப் பலன்தந்த கருவியை ஆவுளியாவுக்கும் பலன்தருமென்று கட்டுவது சரியல்ல. சோதனைப் பலகையை விரட்டும் கருவிக்குப் பயன்படுத்துவதைவிட, கேட்கும் கருவிக்குப் பயன்படுத்துவது மேல். கடற்பசுவின் கீச்சொலிகள் பெரும்பாலும் 3 முதல் 18 கிலோஹேர்ட்சுக்குள் அடங்குகின்றன. அதே பெருக்கியும் அதே பதிவியும், வேறு வடிகட்டியோடு, அவை எங்கே எப்போது வருகின்றன என்று நமக்குச் சொல்லக்கூடும்.

வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டு 2010-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் எல்லைக்குள்ளும் விடத்தல்தீவு ஒதுக்கத்துக்குள்ளும் எதை இறக்குவதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

யார் செய்வது

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதன் வவுனியா வளாகம் 2021-ல் தனிப் பல்கலைக்கழகமானது. கடலளவை அனுபவமும் மீன்வள ஆய்வும் நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்திடம் உண்டு. இலத்திரனியல் தெரிந்த மாணவரும், கடல் தெரிந்த தொழிலாளரும், பதிவைக் காப்பாற்றும் நிறுவனமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வடக்கின் பல பகுதிகளுக்கு டோர்ச் பற்றரியே வராமலிருந்த ஆண்டுகள் உண்டு. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் தம் கடலைத் தாமே அளப்பதில் எனக்குள்ள ஆவலை மறைக்க விரும்பவில்லை.

மீன்பிடிப்பவரை வள்ளம் ஓட்ட மட்டும் கூலிக்கு அழைப்பது பெருந்தவறு. எந்த மணலில் ஈயம் புதையும், எந்தப் பாரில் துள்ளும், எந்த மாதம் நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அறிந்தவர் அவர். எதிரொலியின் உருவத்தைப் பார்த்து அடி சேறா கல்லா என்று கருவி சொல்வது சரிதானா என்று தீர்ப்பளிக்க அவரே தகுந்தவர். முடிவுகளை அவருக்குப் பாகத்தில் தர வேண்டும்.

பதிவேட்டில் நாள், நேரம், காற்று, வெப்பம், உவர்ப்பு, கயிற்றால் அளந்த ஆழம், தட்டுச் சோதனையின் சாய்வும் தாமதமும், அதிர்வு அடங்கிய நேரம், பரிவு மீடிறன் எல்லாம் ஒவ்வொரு முறையும் ஏற வேண்டும். இரண்டு கரைகளிலும், சோளகத்திலும் வாடையிலும், ஓராண்டாவது எடுத்தால்தான் அந்தப் பதிவேடு பயன்படும். நீரில் விட்டுவைக்கும் டிரான்ஸ்டியூசருக்கு இன்னொரு தனி ஏடு வேண்டும். வெதுவெதுப்பான இந்தக் கடலில் சில வாரங்களுக்குள் பாசி படிந்து, பிறகு கொட்டலசு ஒட்டத் தொடங்கிவிடும். பாசி ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. கொட்டலசின் ஓடு தடுக்கும், பரிவையும் இழுத்துக் கீழே கொண்டுபோகும். மேலே சொன்ன 1 கிலோஓம் சோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முகத்தைத் துடைப்பதற்கு முன்னும் துடைத்த பின்னும் செய்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவர வேண்டும். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்ட வேண்டும் என்பதை வடகரைக்கும் தென்கரைக்கும் தனித்தனியே அந்த ஏட்டிலிருந்துதான் முடிவு செய்ய முடியும்.